ஐப்பசி, கார்த்திகை அடைமழைக்கு எந்த அபுனைவு நூல்? நாள்கணக்கோடு சொல்லுங்கள்

#1 தாளடி

ஐப்பசி பிறக்க இன்னும் ஒரு மாதம்தான். ஐப்பசி 1 அக்டோபர் 18 வாக்கில் வரும், கார்த்திகை டிசம்பர் 15 வாக்கில் முடியும். பழைய கணக்கில் இந்த இரண்டு மாதமும் கூதிர் என்னும் குளிர்ப் பருவம். மொத்தம் 59 நாள் என்று வைத்துக்கொள்வோம். நாளுக்கு 40 நிமிடம் ஒதுக்க முடிகிறவர் தமிழில் எந்த அபுனைவு (கதையல்லாத) நூலை எடுக்கலாம்?

வெளிநாட்டுப் பத்திரிகைகள் இலையுதிர்காலப் பட்டியல் என்று வெளியிடுவதை இங்கே மொழிபெயர்த்துப் போட வேண்டாம். நம் காடுகளில் இலை உதிர்வது மாசி, பங்குனியில். ஐப்பசியில் நமக்கு மழை, மின்வெட்டு, சீக்கிரம் இருட்டும் மாலை. அதற்கேற்ற நூல் வேண்டும். ஐம்பது பெயரை அடுக்காமல் ஒன்றோ இரண்டோ சொன்னால் போதும். ஆனால் எந்தப் பதிப்பு, நாளுக்கு எவ்வளவு, எந்த இடத்தில் வாசகர் நின்றுபோகிறார், ஏன் நின்றுபோகிறார் என்று சேர்த்துச் சொல்லுங்கள்.

#2 சுவடிக்கட்டு

உ.வே.சாமிநாதையரின் தன்வரலாறான ‘என் சரித்திரம்’. 59 நாளுக்கு இதைவிடப் பொருத்தமாக ஒன்று அமையாது.

காரணம் கணக்கிலேயே இருக்கிறது. நூலில் 122 அத்தியாயம். 1940 ஜனவரி முதல் 1942 மே வரை ஆனந்த விகடனில் வாரத்துக்கு ஒன்றாக வந்தது. ஐயர் 1942 ஏப்ரல் 28-ஆம் தேதி காலமானார், தொடர் அதையொட்டி நின்றது. நூலாக வந்தது 1950-இல். வாரத் தொடராக எழுதியதால் அத்தியாயங்கள் ஏறக்குறைய ஒரே அளவு. நாளுக்கு இரண்டு படித்தால் 61 நாள். ஐப்பசி முதல் தேதி தொடங்கினால் மார்கழி பிறந்து இரண்டு மூன்று நாளில் முடியும். ஒரு அத்தியாயத்துக்கு 20 நிமிடம் தாராளம்.

வாங்கும்போது பொருளடக்கத்தில் 122 என்ற எண் இருக்கிறதா என்று பாருங்கள். சுருக்கப் பதிப்புகளும் புழங்குகின்றன. அவற்றில் விட்டுப்போவது பெரும்பாலும் சிறிய ஊர்களும் சிறிய மனிதர்களும்தான். இந்த நூலின் உயிரே அவர்களிடம்தான் இருக்கிறது. காசு செலவில்லாமல் வேண்டுமானால் இணையத்தில் தமிழ் நூல்களை இலவசமாகத் தரும் மதுரைத் திட்டத்தில் முழு உரையும் கிடைக்கிறது. புயல் எச்சரிக்கை வருமுன்பே கைப்பேசியில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு முன்னெச்சரிக்கை. இந்த வாழ்க்கை வரலாறு முழுமையானதல்ல. மணிமேகலைப் பதிப்பு வந்த 1898-ஐ ஒட்டி நின்றுவிடுகிறது. 1903-இல் சென்னை மாநிலக் கல்லூரிக்கு மாறியது முதல் பின்னால் நடந்த எதுவும் இதில் இல்லை. அதைத் தெரிந்துகொள்ள அவருடைய மாணவர் கி.வா.ஜகந்நாதன் எழுதிய ‘என் ஆசிரியப்பிரான்’ உதவும். முடிவில் நூல் அறுந்தாற்போல் இருக்கிறதே என்று குழம்பாமல் இருக்கவே இதை முதலிலேயே சொல்கிறேன்.

#3 ஈரவிரல்

சுவடிக்கட்டு ஐயா, ஒரு சந்தேகம். இந்த நூலைத் தொடங்கியவர்களில் பாதிப் பேர் முதல் கால்பகுதியைத் தாண்டுவதில்லை என்று பலரும் சொல்கிறார்கள். ஊர் ஊராகப் போகிறார்கள், பெயர்கள் குவிகின்றன, நடுவில் அந்தாதி, கலம்பகம் என்று பாட்டு வேறு. அதைக் கடக்க வழி உண்டா?

#4 சுவடிக்கட்டு

உண்டு. நின்றுபோவதற்குக் காரணம் பெரும்பாலும் ஒன்றுதான். அந்தப் பகுதியை ஒரு குடும்பக் கதையாகப் படிக்கிறார்கள். அங்கே நடப்பது வேறு. ஒரு தகப்பனார் தன் மகனுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்க ஆள் தேடி அலைகிறார். வேங்கடசுப்பையர் சங்கீத வித்துவான், கையில் பெரிதாகப் பணம் இல்லை. உத்தமதானபுரத்தை விட்டு அரியலூர், குன்னம் என்று குடும்பம் இடம் மாறுவது அந்தத் தேடலால்தான். ஒவ்வொரு ஊரிலும் ஓர் ஆசிரியர் தமக்குத் தெரிந்ததைச் சொல்லிக்கொடுக்கிறார், அதற்குமேல் அவரிடம் சரக்கு இல்லை, அடுத்த ஊர். இந்த ஓட்டம் பிடிபட்டால் பெயர்கள் பாரமாக இராது.

ஒரு தாளை எடுத்து மூன்று பத்தி போடுங்கள்: ஊர், ஆசிரியர், அங்கே படித்த நூல். அத்தியாயம் முடிந்ததும் ஒரு வரி நிரப்பினால் போதும். 1871-இல் மாயூரத்தில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் போய்ச் சேரும்போது உங்கள் தாளில் ஒரு தமிழ்ப் பாடத்திட்டமே எழுதப்பட்டிருக்கும். பள்ளிக்கூடம் இல்லாத காலத்தில் கல்வி எப்படிக் கைமாறியது என்பதற்கு அந்தத் தாளே சான்று.

பாட்டுகளைப் பொறுத்தவரை, முதல் வாசிப்பில் பொருள் தேடி நிற்க வேண்டாம். வாய்விட்டு ஒருமுறை படித்துவிட்டு நகருங்கள். அந்தாதியில் ஒரு பாட்டின் கடைசி அடுத்த பாட்டின் தொடக்கமாக வரும், பிள்ளைத்தமிழ் பத்துப் பருவமாக நடக்கும். இந்த அளவு தெரிந்தால் போதும். அகராதியைத் திறந்து உட்கார்ந்தால் 20 நிமிடம் ஒரு மணி நேரமாகிவிடும், மூன்றாம் நாள் நூல் மூடிவிடும்.

மெதுவாகப் போக வேண்டிய இடம் ஒன்று உண்டு. 1880 அக்டோபர் 21, வியாழக்கிழமை, கும்பகோணம். அதுவும் ஐப்பசிதான். அவ்வூருக்கு முன்சீபாக வந்த சேலம் இராமசாமி முதலியார் முன்னால், 25 வயதுக் கல்லூரி ஆசிரியரான ஐயர் தாம் படித்த அந்தாதி, பிள்ளைத்தமிழ், உலா எல்லாவற்றையும் வரிசையாக அடுக்குகிறார். முதலியார் அசையவே இல்லை. இவற்றால் என்ன பிரயோசனம் என்று கேட்டுவிட்டு, சீவகசிந்தாமணி படித்திருக்கிறீர்களா என்கிறார். உங்கள் தாளில் அதுவரை நிரப்பிய மூன்றாம் பத்தியை அப்போது எடுத்துப் பாருங்கள். அந்தக் கேள்வி எங்கே போய் அடித்தது என்பது கண்ணெதிரே தெரியும். சிந்தாமணி அச்சில் வந்தது 1887-இல், அந்தக் கேள்விக்கு ஏழு வருடம் கழித்து.

#5 தாளடி

மூன்று பத்தித் தாள் நல்ல வழி. சிந்தாமணிப் பதிப்புப் பகுதியில் பாடபேதம் (ஒரே வரி ஏட்டுக்கு ஏடு வேறுபடுவது), பிரதி, ஏடு என்று வருவதெல்லாம் ஆராய்ச்சி தெரியாதவருக்குப் புரியுமா?

#6 சுவடிக்கட்டு

ஐந்து நிமிடப் பயிற்சி ஒன்று செய்தால் புரியும். ஓலையில் புள்ளி வைப்பதில்லை, வைத்தால் ஓலை கிழியும். குறில் எகர ஒகரத்துக்கும் நெடிலுக்கும் ஒரே கொம்பு. காலும் ரகரமும் ஒரே மாதிரி இருக்கும். சொல்லுக்குச் சொல் இடைவெளி கிடையாது, செய்யுள் முடிந்தால் அடுத்த வரியும் கிடையாது.

எல்லோருக்கும் தெரிந்த முதல் குறளின் முதல் அடியை இப்படி எழுதிப் பாருங்கள்:

அகரமுதலவெழுததெலலரமரதி

மனப்பாடமாகத் தெரிந்த வரி என்பதால் படித்துவிடுகிறோம். தெரியாத காப்பியத்தில் 3,145 செய்யுள் இப்படியே ஓடுகிறது, நடுவில் உரை, உரைக்குள் வேறு நூல்களிலிருந்து மேற்கோள், எது எங்கே தொடங்குகிறது என்ற குறிப்பு எதுவும் இல்லை. ஐயர் கையில் இருந்தது அது. இந்த ஒரு வரியை எழுதிப் பார்த்தபின் அந்த அத்தியாயங்களைத் திறங்கள். பிரதி என்ற சொல் வரும் இடமெல்லாம் வேறு கனத்தில் கேட்கும்.

#7 வடமராட்சி

வணக்கம் சுவடிக்கட்டு ஐயா. நீங்கள் சொன்ன பகுதியோடு சேர்த்து வாசிக்க ஒன்று சொல்ல விரும்புகிறன். யாழ்ப்பாணத்துச் சிறுப்பிட்டி சி.வை.தாமோதரம்பிள்ளை 1887-இல் கலித்தொகையைப் பதிப்பித்தவர். அதன் பதிப்புரையைத்தான் சொல்லுகிறன். எடுக்கும்போதே ஏட்டின் ஓரம் உதிர்கிறதையும், கட்டை அவிழ்த்தால் இதழ் முறிகிறதையும் அவர் சொல்லுகிற விதத்தை வாசித்தால் கண் கலங்கும். ஈழத்து நூல்களைச் சேர்த்து வைக்கும் நூலகம் இணையத்தளத்தில் அவருடைய பதிப்புகளைத் தேடிப் பார்க்கலாம்.

இரண்டு பேரும் ஒரே காலத்தில் ஒரே வேலையைச் செய்தவர்கள். ஐயர் தன் நூலில் பிள்ளையைப் பற்றிச் சொல்லுகிறதை மட்டும் வாசித்துவிட்டு ஒரு தீர்ப்புக்கு வந்துவிடாதேங்கோ. பிள்ளையின் பதிப்புரைகளையும் பக்கத்தில் வைத்து வாசித்தால்தான் நியாயம். ஐயரின் சிந்தாமணி அத்தியாயங்கள் முடிந்த கையோடு, அந்த வாரத்துச் சனி, ஞாயிறில் இதை வாசிக்கலாம். பழைய பதிப்புரை நடையில் வசனம் நீளம். முற்றுப்புள்ளி வரும்வரை ஒரே மூச்சில் போகாமல், வினையெச்சம் வருகிற இடங்களில் பென்சிலால் ஒரு சாய்கோடு போட்டுக்கொண்டு போங்கோ. இலகுவாகிவிடும்.

#8 வராகன்

என் சரித்திரத்தை மறுக்கவில்லை. ஆனால் மழைக்காலம் என்று கேட்டால் என் முதல் தேர்வு ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு. 1736 செப்டம்பரில் தொடங்கி 1761 ஜனவரியில் அவர் சாகும்வரை, புதுச்சேரியில் இருந்துகொண்டு எழுதியது. நடுவில் விடுபட்ட காலங்களும் உண்டு.

முழுவதையும் படிக்க முயல வேண்டாம். அகநி வெளியீடு 12 தொகுதி. ஆங்கில மொழிபெயர்ப்பும் 1904 முதல் 1928 வரை 12 தொகுதியாகத்தான் வந்தது. முதல் தொகுதியின் முதல் பக்கத்தில் தொடங்குகிறவர் சரக்குக் கணக்கிலும் மரியாதைப் பட்டியலிலும் மாட்டிக்கொண்டு விட்டுவிடுவார். 1746 செப்டம்பர் 15 முதல் நவம்பர் 10 வரை மட்டும் எடுங்கள். எட்டு வாரம்.

அந்த எட்டு வாரத்தில் என்ன இருக்கிறது என்றால், பிரெஞ்சுக் கடற்படைத் தளபதி லபூர்தொனே கப்பல் படையோடு போய்ச் சென்னைப்பட்டணத்தைப் பிடிக்கிறார். பிடித்த ஊரைப் பணம் வாங்கிக்கொண்டு ஆங்கிலேயரிடமே திருப்பிக் கொடுப்பதா, வைத்துக்கொள்வதா என்று அவருக்கும் புதுச்சேரியில் இருக்கும் பிரெஞ்சு கவர்னர் துய்ப்ளேக்ஸுக்கும் சண்டை முற்றுகிறது. அக்டோபர் 13 இரவு புயல். சென்னைக் கரையில் நங்கூரமிட்டிருந்த பிரெஞ்சுக் கப்பல்கள் பலவும் மூழ்கின, மிஞ்சியவை பாய்மரம் முறிந்து நின்றன. அக்டோபர் 24-இல் அடையாற்றுக் கரையில் ஆற்காட்டு நவாபின் படை சிறிய பிரெஞ்சுப் படையிடம் தோற்கிறது. தென்னிந்திய வரலாறு திரும்பிய வாரங்கள் இவை. ஒரு வியாபாரி அன்றன்றைக்குக் காதில் விழுந்ததை அன்றன்றைக்கே எழுதி வைத்திருக்கிறார்.

படிக்கும் முறை: குறிப்பின் தேதியும் உங்கள் நாட்காட்டித் தேதியும் ஒன்றாக இருக்கட்டும். அக்டோபர் 13-ஆம் தேதிக் குறிப்பை அக்டோபர் 13 அன்றே படியுங்கள். சில நாள் அரைப் பக்கம், சில நாள் பத்துப் பக்கம். அவர் அடுத்த நாள் என்ன நடக்கும் என்று தெரியாமல் எழுதுகிறார். நீங்களும் முந்திக்கொண்டு புரட்டாமல் இருந்தால்தான் வதந்தி எப்படி மெள்ளச் செய்தியாகிறது என்பது தெரியும்.

#9 முக்கொம்பு

தேதி விஷயத்தில் ஒரு குழப்பம் வருமே, வராகன்? வரலாற்று நூல்கள் சிலவற்றில் சென்னை விழுந்தது செப்டம்பர் 10 என்றும் சிலவற்றில் செப்டம்பர் 21 என்றும் இருக்கிறது.

#10 வராகன்

இரண்டும் ஒரே நாள்தான். பிரெஞ்சுக்காரர்கள் அப்போதே கிரிகோரியன் நாட்காட்டிக்கு மாறியிருந்தார்கள். ஆங்கிலேயர் 1752 செப்டம்பர் வரை பழைய ஜூலியன் நாட்காட்டியையே வைத்திருந்தார்கள். இடைவெளி 11 நாள். பிள்ளை இருந்தது பிரெஞ்சுக்காரர் ஊரில், அதனால் அவர் தரும் ஐரோப்பியத் தேதி நம் இன்றைய நாட்காட்டியோடு ஒத்துப்போகும். ஆங்கிலேயக் கும்பினிக் கடிதங்களோடு ஒப்பிடும்போது மட்டும் அந்தத் தேதியோடு 11 கூட்டிக்கொள்ளுங்கள். புயலும் அப்படித்தான், ஆங்கிலக் கணக்கில் அக்டோபர் 2, பிரெஞ்சுக் கணக்கில் 13.

தமிழ்த் தேதியில் வேறொரு சின்ன நழுவல் உண்டு. 1746 அட்சய வருஷம். அந்தக் காலத்தில் ஐப்பசி இன்றைக்கு நான்கு நாள் முன்னதாகவே, அக்டோபர் 14-ஐ ஒட்டிப் பிறந்தது. தமிழ்த் தேதியை வைத்து இன்றைய நாட்காட்டியில் தேடினால் நான்கு நாள் இடறும். அவர் தரும் ஐரோப்பியத் தேதியை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். நேரம் நாழிகையில் வந்தால் ஒரு நாழிகை 24 நிமிடம்.

நடை பழக மூன்று நாள் ஆகும். அது 18-ஆம் நூற்றாண்டுப் பேச்சுத் தமிழ், காற்புள்ளி கிடையாது, வாக்கியம் ஒரு பக்கம் ஓடும். முசே என்றால் பிரெஞ்சுக்காரரைக் குறிக்கும் மரியாதைச் சொல், கும்பினி என்றால் வணிகக் கம்பெனி, துபாசி என்றால் இரு மொழி அறிந்த தரகர். இந்த மூன்றும் வராகன் என்ற பொன் நாணயமும் தெரிந்தால் முதல் வாரம் ஓடிவிடும். யார் யாருக்கு வேண்டாதவர் என்பதுதான் கடினம். 1746 பிப்ரவரியில் தலைமைத் துபாசி கனகராய முதலி இறந்துவிட்டார், அந்த இடம் யாருக்கு என்ற இழுபறி இந்த வாரங்களின் அடியில் ஓடிக்கொண்டே இருக்கிறது. பிள்ளை சிலரைப் பற்றிக் கடுமையாக எழுதும்போது அதை நினைவில் வையுங்கள். அவர் பாரபட்சம் இல்லாத சாட்சி அல்ல, அந்தப் பதவியை விரும்பியவர்.

இன்னொன்று. சோழமண்டலக் கரையில் இயற்கைத் துறைமுகம் இல்லை. கப்பல்கள் திறந்த கடலில்தான் நங்கூரம் போடும். அதனால்தான் அக்டோபர் நடுவில் படைக் கப்பல்கள் கரையை விட்டு விலகிவிடும் வழக்கம் இருந்தது. லபூர்தொனே பேரத்துக்காகத் தங்கினார், புயலில் மாட்டினார். 1748-இல் ஆங்கிலேயக் கடற்படைத் தளபதி பொஸ்கவன் புதுச்சேரியை முற்றுகையிட்டு அக்டோபரில் மழைக்கும் நோய்க்கும் பின்வாங்கினார். அதே முற்றுகையின்போதுதான் ஊருக்குள் இருந்த வேதபுரீசுவரர் கோயில் இடிக்கப்பட்டது. அடுத்த வருட ஐப்பசிக்கு அந்தப் பகுதியை வைத்துக்கொள்ளலாம்.

#11 முக்கொம்பு

நன்றி, இப்போது தெளிவாகிவிட்டது.

நான் சொல்ல வருவது சிட்டியும் தி.ஜானகிராமனும் சேர்ந்து எழுதிய ‘நடந்தாய் வாழி காவேரி’. 1971. தலைக்காவேரியிலிருந்து பூம்புகார் வரை ஆற்றைத் தொடர்ந்து போன பயண நூல். என் சரித்திரம் அளவுக்குப் பெரியதல்ல, மூன்று வாரத்தில் முடியும்.

இதைப் படிக்கப் பக்கத்தில் வரைபடம் கட்டாயம். கைப்பேசி வரைபடம் வேண்டாம், பெரிதாக்கிச் சிறிதாக்கி ஆறு எங்கே என்றே தெரியாமல் போய்விடும். பெரிய வெள்ளைத் தாளில் நீங்களே கோடு போடுங்கள். மொத்த நீளம் சுமார் 800 கிலோமீட்டர், 40 செ.மீ. கோடு போட்டால் 1 செ.மீட்டருக்கு 20 கி.மீ. கர்நாடகத்தில் 320, இரு மாநில எல்லையாக 64, தமிழ்நாட்டில் 416. அதாவது இடமிருந்து 16 செ.மீட்டரில் எல்லை தொடங்கும், 19-ஐத் தாண்டியதும் முழுக்கத் தமிழ்நாடு. கிளையாறுகள் வந்து சேரும் இடங்களைக் குறியுங்கள்: திருமகூடலு நரசிபுரத்தில் கபினி, பவானியில் பவானி, பிறகு நொய்யல், கரூரைத் தாண்டித் திருமுக்கூடலூரில் அமராவதி. முக்கொம்பில் கொள்ளிடம் பிரிகிறது, கல்லணையில் வெண்ணாறு பிரிகிறது. கல்லணைக்குக் கீழே ஒரே கோடாகப் போட முடியாது, விரல்களாகப் பிரித்துத்தான் போட வேண்டும். டெல்டா என்றால் என்ன என்பது பேனா பிரியும்போதே புரிந்துவிடும்.

இதில் வாசகர் தவறுவது ஓரிடத்தில். அவர்கள் பார்த்த ஆறுதான் இன்றும் ஓடுகிறது என்று நினைத்துவிடுகிறார்கள். கபினி, ஹேமாவதி, ஹாரங்கி அணைகள் நூல் வந்தபின், 1970-களிலும் 80-களின் தொடக்கத்திலும் முடிந்தவை. மைசூரும் சென்னை மாகாணமும் செய்துகொண்ட 1924 காவிரி ஒப்பந்தத்தின் ஐம்பது ஆண்டுக் கெடு முடிந்ததும் 1974-இல். ஆகவே அந்த நூலில் ஓடும் தண்ணீர், முதன்மை ஆற்றில் கிருஷ்ணராஜ சாகரத்தையும் மேட்டூரையும் மட்டுமே பெரிய தடையாகக் கண்ட தண்ணீர். அதைப் பதிந்துகொண்டு படித்தால், 1990-இல் காவிரி நடுவர் மன்றம் ஏன் வந்தது, கர்நாடகம் தமிழ்நாட்டுக்குத் திறந்துவிட வேண்டியது 177.25 டி.எம்.சி. என்று 2018-இல் உச்ச நீதிமன்றம் ஏன் நிர்ணயித்தது என்பதற்கெல்லாம் ஒரு முன்கதை கிடைக்கும்.

பருவத்தையும் கவனியுங்கள். குடகில் பெய்வது தென்மேற்குப் பருவமழை, ஆனி, ஆடியில் அது ஆற்றை நிரப்புகிறது. ஐப்பசியில் நம் டெல்டாவில் பெய்வது வடகிழக்கு மழை, அது ஆற்று வழியாக வருவதில்லை, நேரே வயலில் விழுகிறது. ஒரே பயிருக்கு இரண்டு மழைகள். சம்பா, தாளடி எல்லாம் இந்த இரண்டையும் நம்பி வகுத்த நெல் சாகுபடிப் பட்டங்கள். தாளடி என்று பெயர் வைத்திருப்பவருக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை.

#12 நீர்க்கோழி

நாளுக்கு 40 நிமிடம் தொடர்ந்து கிடைக்காதவர்களும் இருக்கிறார்கள். பேருந்தில் 10 நிமிடம், தூங்குமுன் 10 நிமிடம்தான் பலருக்கு. அவர்களுக்கு மா.கிருஷ்ணனின் ‘மழைக்காலமும் குயிலோசையும்’. தியடோர் பாஸ்கரன் தொகுத்தது. கிருஷ்ணன் 1912 முதல் 1996 வரை வாழ்ந்தவர், ஸ்டேட்ஸ்மன் நாளிதழில் 1950 முதல் கடைசிவரை இயற்கை பற்றிப் பத்தி எழுதியவர். இந்தத் தொகுப்பில் இருப்பவை அவர் தமிழில் எழுதியவை. சிறிய கட்டுரைகள், அவரே வரைந்த படங்கள்.

இரண்டு இரண்டாகப் படிக்காதீர்கள். ஒரு நாளைக்கு ஒன்று, அதற்குமேல் வேண்டாம். அவர் தமிழில் வீண் சொல் இல்லை, அடுத்தடுத்துப் படித்தால் ஒன்று மற்றொன்றை அழித்துவிடும்.

படித்தபின் வெளியே பாருங்கள். நவம்பர் தொடங்கி மார்ச் வரை வேடந்தாங்கலில் கூடுகட்டும் காலம். அவ்வளவு தூரம் போக வேண்டாம், தெருவோரத்து ஈரத்தில் வாலை மேலும் கீழும் ஆட்டிக்கொண்டு நடக்கும் வாலாட்டி செப்டம்பர், அக்டோபரிலேயே வந்துவிடும். தோட்டம் இருந்தால் ஆறுமணிக்குருவி. வடக்கே இனப்பெருக்கம் செய்துவிட்டுக் குளிர்காலத்துக்குத் தெற்கே வருவது அது. காலை ஆறு மணி வாக்கிலும் மாலை ஆறு மணி வாக்கிலும் இரண்டு சுருதியில் சீழ்க்கை அடிக்கும். பச்சை முதுகு, வால் அடியில் குங்குமச் சிவப்பு, கண்ணை ஒட்டிக் கறுப்புப் பட்டை. புதரடியில் சருகைக் கிளறிக்கொண்டிருக்கும், கிளையில் தேடினால் கிடைக்காது. கட்டுரையின் ஓரத்தில் நாள், நேரம், இடம் என்று மூன்று சொல் குறித்து வையுங்கள். அடுத்த ஐப்பசியில் அந்தத் தேதிதான் உங்களுக்குப் பயன்படும்.

#13 அகல்

தீபாவளியும் திருக்கார்த்திகையும் இந்த இரண்டு மாதத்துக்குள்தான் வருகின்றன. அதனால் தொ.பரமசிவனின் ‘பண்பாட்டு அசைவுகள்’ பெயரைச் சேர்க்கிறேன். முன்பு தனியாக வந்த ‘அறியப்படாத தமிழகம்’ அதற்குள் இருக்கிறது. உப்பு, எண்ணெய், பல்லாங்குழி என்று பெரும்பாலும் சிறு கட்டுரைகள்.

தீபாவளி பற்றிய கட்டுரையைத் தீபாவளிக்கு முந்தைய வாரம் படியுங்கள். படித்துவிட்டு அதை அப்படியே பகிராதீர்கள். அவர் கட்டுரைகள் முடிவைச் சொல்லும், அந்த முடிவுக்கு வந்த வழியை முழுதும் காட்டாது. நூலின் அளவு அப்படி. வழியைப் பார்க்க வேண்டுமானால் அவருடைய ‘அழகர் கோயில்’ ஆய்வேட்டைப் புரட்டுங்கள், மதுரை காமராசர் பல்கலைக்கழகம் 1989-இல் வெளியிட்டது. கோயிலோடு ஒவ்வொரு சாதியாருக்கும் உள்ள உறவைக் களத்தில் கேட்டு எப்படிப் பதிவு செய்கிறார் என்று அதில் இரண்டு இயலாவது படித்தால், சின்னக் கட்டுரைகளை எடைபோடத் தெரிந்துவிடும். கார்த்திகை விளக்குக்கு அகநானூறு 141-ஐ நீங்களே எடுத்துப் பாருங்கள். மழை நீங்கிய வானம், அறுமீன் என்னும் கார்த்திகை நட்சத்திரக் கூட்டம், நடு இரவு, தெருவெல்லாம் விளக்கு, எல்லாம் அந்தப் பாட்டிலேயே இருக்கிறது.

#14 ஈரவிரல்

எந்த நூலைத் தேர்ந்தாலும் அது நனையாமல் மார்கழிக்குப் போய்ச் சேர வேண்டும். புத்தகப் பராமரிப்பு பற்றிச் சுருக்கமாக.

பூஞ்சைக்குத் தண்ணீர் சொட்ட வேண்டியதில்லை. அறையின் ஈரப்பதம் 65 சதவீதத்தைத் தாண்டி நாள்கணக்கில் நின்றாலே போதும். ஐப்பசியில் கடலோர ஊர்களில் அது சர்வசாதாரணம். முதலில் வருவது அட்டையின் உள்பக்கம், முதுகை ஒட்டிப் பசை போட்ட இடத்தில். கோலமாவை விரலால் தட்டியது போல வெண்சாம்பல் புள்ளி, ஊதினால் பறக்கும். அந்த நிலையில் பிடித்தால் மென்மையான இரண்டு அங்குல வண்ணத் தூரிகை போதும். முகமூடி போட்டுக்கொண்டு, வீட்டுக்கு வெளியே, முதுகிலிருந்து வெளிப்பக்கமாகத் தட்டி எடுங்கள். ஈரத்துணியால் துடைத்தால் அந்தப் பொடியைத் தாளுக்குள்ளேயே தேய்த்துவிட்டதாக அர்த்தம், பிறகு அது பழுப்புக் கறையாக நின்றுவிடும். வெயிலில் பரப்பவும் வேண்டாம். இப்போதைய நூல்கள் சூட்டில் இளகும் பசையில் ஒட்டியவை, முதுகு வளைந்து இதழ் கழன்றுவிடும். நிழலும் காற்றும் போதும்.

அலமாரி வெளிச்சுவரை ஒட்டி இருக்கக் கூடாது. மழை அடிக்கும் சுவர் உள்ளே வியர்க்கும். 5 முதல் 8 செ.மீ. இடைவெளி விடுங்கள். நூல்களை இறுக்கி அடுக்காதீர்கள், இரண்டு நூலுக்கு நடுவே சுண்டுவிரல் நுழைய வேண்டும். வேப்பிலை போடுகிறவர்கள் நிழலில் நான்கைந்து நாள் சருகாக உலர்த்திய பின்தான் போட வேண்டும். பச்சை இலை ஈரத்தை உள்ளே கொண்டுவந்து, தாளில் இலை வடிவத்திலேயே கறை வைத்துவிடும். வசம்பைத் துணியில் முடிந்து வைக்கலாம், இராமபாணப் பூச்சி அண்டாமல் இருக்கத்தான் அது, பூஞ்சைக்கு ஒன்றும் செய்யாது. அந்துருண்டையும் அப்படியே. குழந்தைகள் உள்ள வீட்டில் அந்துருண்டை வேண்டவே வேண்டாம்.

#15 தாளடி

மழையில் நனைந்தே விட்டால்?

#16 ஈரவிரல்

48 மணி நேரம் இருக்கிறது, அதற்குமேல் பூஞ்சை பிடிக்கும். ஓரம் மட்டும் நனைந்திருந்தால் நூலை நிறுத்தி விசிறி போல விரித்து, மின்விசிறிக் காற்று நேரே படாமல் பக்கவாட்டில் படும்படி வையுங்கள். முழுக்க நனைந்திருந்தால் நிறுத்தக் கூடாது, ஈரக் கனத்தில் முதுகு கிழியும். படுக்க வைத்து 20 பக்கத்துக்கு ஒன்றாக அச்சிடாத வெள்ளைத் தாளைச் செருகி, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். செய்தித்தாள் செருகினால் மை இறங்கும். 10 பக்கத்துக்கு ஒன்று என்று நெருக்கமாகச் செருகினால் உள்ளே புகுந்த தாள்களே முதுகை உப்ப வைத்துவிடும்.

பளபளப்புத் தாளில் அச்சிட்ட படப் பக்கங்கள்தான் ஆபத்து. உலர்ந்துவிட்டால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், பிறகு எதுவும் செய்ய முடியாது. ஈரமாக இருக்கும்போதே ஒவ்வொரு பக்கத்துக்கும் நடுவே பட்டர் பேப்பர் வையுங்கள். மின்சாரம் இருந்து, உலர்த்த நேரம் இல்லையென்றால், காற்றுப் புகாத உறையில் போட்டு ஃப்ரீசரில் வைத்துவிடலாம். அங்கே பூஞ்சை வளராது. மழை ஓய்ந்தபின் எடுத்து மேற்சொன்ன முறையில் உலர்த்துங்கள்.

#17 அகல்

சிலிக்கா ஜெல் எவ்வளவு போட வேண்டும், அண்ணா? என் சரித்திரம் தடித்த நூல், இறுக்கமாக மூடும் பிளாஸ்டிக் பெட்டியில் வைக்கலாமா?

#18 ஈரவிரல்

வைக்கலாம். 30 லிட்டர் பெட்டிக்கு 100 கிராம் போதும், துணிப்பையில் போட்டு மூலையில் வையுங்கள், நூலின் மேல் வைக்காதீர்கள். பெட்டிக்குள் வைக்குமுன் நூல் நன்றாக உலர்ந்திருக்க வேண்டும். ஈர நூலை மூடி வைத்தால் அந்தப் பெட்டியே பூஞ்சை வளர்க்கும் இடமாகிவிடும். ஆரஞ்சு நிற மணியாக வாங்குங்கள். நீல மணியில் கோபால்ட் உப்பு இருக்கிறது, சமையல் பாத்திரத்தில் சூடாக்கக் கூடாது. நிறம் மாறியதும் 120 டிகிரியில் இரண்டு மணி நேரம் ஓவனில் வைத்து எடுத்தால் மறுபடி பழைய நிறம் வரும்.

தினம் படிக்கும் நூலைப் பெட்டியில் வைக்கத் தேவையில்லை. நாளுக்கு இருமுறை விரிக்கும் நூலில் பூஞ்சை உட்காராது.

#19 தாளடி

சரி. என் சரித்திரம், நாளுக்கு இரண்டு அத்தியாயம், மூன்று பத்தித் தாளோடு. நடுவே அக்டோபர் 24-க்கு மட்டும் ஆனந்தரங்கப் பிள்ளையின் குறிப்பில் அடையாற்றுச் சண்டை. சுவடிக்கட்டு ஐயா, ஐப்பசி 1-இலிருந்து தொடங்கினால் இராமசாமி முதலியார் வரும் இடம் எப்போது வரும்?

#20 சுவடிக்கட்டு

நூலின் முக்கால் பகுதியை ஒட்டி வரும். கார்த்திகை நடுவில் எதிர்பாருங்கள். ஆனால் அக்டோபர் 21 அன்று அந்த ஒரு அத்தியாயத்தை மட்டும் முன்னதாகப் படித்துவிட ஆசை வரும். வேண்டாம். தாளில் அந்தாதிகளும் உலாக்களும் நிரம்பியிருக்க வேண்டும், அதன்பிறகே அந்தக் கேள்வி வர வேண்டும்.